பழங்கோதடிகளும் சீட்டித் துணிகளும் சேகரிப்பது எப்படி: மும்பைவாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பழந்துணிகளை அடுக்கித் தைத்த போர்வையான கோதடி ஒன்றை வாங்கிவந்தவுடன் பெரும்பாலான புதியவர்கள் செய்யும் முதல் காரியம் அதைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போடுவதுதான். நூறு ஆண்டுகள் தாங்கிய துணி அந்த ஒரு வாளித் தண்ணீரில் தன் மெருகையும், ஓரத்தில் மங்கலாக இருந்த வணிக முத்திரையையும், சில சமயம் தன் கருநிறக் கோடுகளையும் இழந்துவிடுகிறது. துவைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. பார்ப்பது, தனிமைப்படுத்துவது, பதிவு செய்வது ஆகிய மூன்றும் முடியும்முன் துவைக்கக் கூடாது என்கிறேன். இந்த வேலையில் எதை முதலில் செய்கிறோம் என்பதைப் பொறுத்தே துணி பிழைக்கிறது. ஆகவே கீழுள்ள படிகளை அதே வரிசையில் பின்பற்றுங்கள்.

1. எதைத் தேடுகிறீர்கள் என்பதை முதலில் வரையறுங்கள்

பூ வடிவங்கள் தீட்டிய அல்லது அச்சிட்ட பருத்தித் துணிக்குச் சீட்டி என்று பெயர். அந்த ஒரே பெயரில் சந்தையில் மூன்று வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. முதலாவது, 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையில் கலம் என்னும் எழுதுகோலால் எழுதிச் சாயமேற்றி, மசூலிப்பட்டினம், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம் போன்ற துறைமுகங்களிலிருந்து கப்பலேறிய துணி. வெளிநாட்டுக்கென்றே செய்யப்பட்டதால் அதன் சிறந்த எச்சங்கள் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் டொரண்டோவின் ராயல் ஒண்டாரியோ அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. மும்பைச் சந்தையில் ஒருவர் அதை உங்களிடம் நீட்டினால், நம்புவதற்கு முன் நான்கு முறை பாருங்கள்.

இரண்டாவது, குஜராத், ராஜஸ்தான், மசூலிப்பட்டினம் ஆகிய இடங்களில் மர அச்சுக்கட்டையால் பதித்த துணி. மூன்றாவது, செப்பு உருளையில் அச்சடித்த ஐரோப்பிய ஆலைத் துணியும் அதைப் பின்பற்றி இங்கே வந்த ஆலைத் துணியும். இந்த மூன்றாம் வகை பழைய கோதடிகளின் மேலுறையாகவும் உள்ளடுக்காகவும், பெட்டிகளின் உள்தாளுக்குப் பதிலாக ஒட்டிய துணியாகவும் இந்த நகரத்தில் இன்றும் அகப்படுகிறது.

போர்வைகளிலும் இப்படிப் பிரிவுகள் உண்டு. ஒன்பது கஜப் புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கித் தைத்த மராட்டியக் கோதடி, கட்சிலும் சிந்துவிலும் துண்டு சேர்த்துத் தைக்கும் ரல்லி, வெள்ளைத் துணியில் பழைய புடவைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் தைத்த வங்காளக் காந்தா ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. கோதடியிலும் உருளை அச்சுத் துணியிலும் தொடங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. அவை கைக்கெட்டும் விலையில் நிறையக் கிடைக்கின்றன என்பதால், பத்துத் துணியைத் தடவிப் பார்த்துக் கற்கும் வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது.

2. வாங்கும் முன் கண்ணைப் பழக்குங்கள்

கோட்டைப் பகுதியிலுள்ள சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்தின் துணிக்காட்சிக்கூடத்தில் ஓர் அரைநாள் செலவிடுங்கள். அகமதாபாத் செல்ல முடிந்தால், முன்பதிவு செய்துகொண்டு 1949இல் நிறுவப்பட்ட காலிக்கோ அருங்காட்சியகத்தைப் பாருங்கள். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் படத்தொகுப்பை வீட்டிலிருந்தே இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் துணியின் மறுபக்கம் தெரியாது என்பது இதிலுள்ள குறை. அதற்காக, கிழிந்து யாரும் வாங்காத துண்டுகள் சிலவற்றை மலிவாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்கும் பழக்கத்துக்கும் அவைதான் உங்கள் பாடநூல்.

3. கையில் வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி, மடங்கும் அளவுநாடா, வெள்ளை ஒளி டார்ச் ஒன்று, புற ஊதா டார்ச் ஒன்று, பென்சில், சிறு குறிப்பேடு, துணியை விரிக்கச் சுத்தமான வெள்ளைப் பருத்தி விரிப்பு ஆகியவை போதும். பேனாவைப் பையிலேயே வைத்துவிடுங்கள்; ஒரு மைத்துளி விழுந்தால் அதை எடுக்க வழியில்லை. மோதிரமும் வளையலும் நூலில் மாட்டி இழுக்கும் என்பதால் கழற்றிவிட்டுத் துணியைத் தொடுங்கள்.

4. சட்டத்தை அறிந்துகொண்ட பின் பணத்தை எடுங்கள்

1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டத்தின்படி நூறு ஆண்டுகளுக்குக் குறையாத கைவினைப் பொருள் தொல்பொருளாகும். அத்தகைய பொருளை வணிகமாக விற்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். தனியார் யாரும் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. மீறி அனுப்பினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டுவரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள நம் குடும்பங்களில் இது அடிக்கடி கவனிக்கப்படாமல் போகிறது. அமெரிக்காவில் இருக்கும் மகளுக்குக் கொள்ளுப்பாட்டியின் போர்வையைப் பெட்டியில் வைத்து அனுப்புவதும் சட்டத்தின் கண்ணில் ஏற்றுமதிதான். துணி நூறு ஆண்டுக்கு உட்பட்டது என்று நம்பினால், இந்தியத் தொல்லியல் துறையிடம் அதைக் காட்டி, அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைப் பெற்ற பிறகே அனுப்புங்கள்.

வாங்கும்போது தேதி, பொருளின் விவரம், விற்றவரின் பெயர், தொகை ஆகியவை எழுதிய ரசீதைக் கட்டாயம் கேளுங்கள். "இருநூறு வருஷத்துச் சரக்கு" என்று வாயால் சொல்லிவிட்டு ரசீதில் "பழைய துணி" என்று மட்டும் எழுதித் தருபவரின் வாய்ச்சொல்லுக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை.

5. எங்கே பார்ப்பது

சோர் பஜாரின் மட்டன் தெருவில் பழம்பொருள் கடைகள் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாள்களில் திறந்திருக்கும். வெள்ளியன்று அங்கே கூடும் தெருச்சந்தை வேறு வகையானது. கூட்டத்தில் துணியை விரித்துப் பார்க்க இடமே கிடைக்காது. முற்பகலில், கடை திறந்த சிறிது நேரத்தில் செல்லுங்கள். துணியைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கடையின் மஞ்சள் விளக்கின்கீழ் மங்கிய நீலமும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும்.

பழைய துணிக்குப் பாத்திரம் கொடுத்து வீடுவீடாக வாங்கிச் செல்லும் பெண்களிடம் பெரும் அளவில் துணி சேர்கிறது. அவர்களிடம் நியாயமான விலை பேசி, தொடர்ந்து வாங்குபவராக இருந்தால், கோதடி வரும்போது உங்களுக்கென எடுத்து வைப்பார்கள்.

மூன்றாவது இடம் தெரிந்தவர்களின் வீடுகள். இங்கே விலையைவிடக் கதை மதிப்புள்ளது. "மாமி, இதை யார் தைச்சா? எந்த ஊர்ல இருந்தப்போ?" என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். துணி எந்தக் குடும்பத்தில், எந்த ஊரில், யார் கையில் இருந்தது என்ற தொடர்பு அறுந்துவிட்டால் எந்த ஆய்வகமும் அதைத் திருப்பித் தராது.

6. துணியைப் பரிசோதிக்கும் வரிசை

இந்தப் படியில்தான் புதியவர்கள் மிக அதிகமாக இடறுகிறார்கள். எல்லோரும் பூவைப் பார்க்கிறார்கள். பூவைக் கடைசியில் பார்க்க வேண்டும்.

முதலில் முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை என்றால் ஈரம் இன்னும் உள்ளே இருக்கிறது. அத்துணி மற்றவற்றையும் கெடுக்கும். தேயிலை வாடையோ கடுமையான வாசனைத் திரவியமோ வந்தால், புதுத்துணியைப் பழசாக்கிக் காட்ட யாரோ உழைத்திருக்கிறார்கள்.

அடுத்து மறுபக்கத்தைத் திருப்புங்கள். சோழமண்டலச் சீட்டியில் நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மூடிவிட்டுத் துணியை நீலச் சாயமான அவுரித் தொட்டியில் முக்கினார்கள். அதனால் நீலம் இருபுறமும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் இருக்கும். மெழுகு வெடித்த இடங்களில் தலைமுடி போன்ற நீலக்கீறல்கள் ஓடும். சிவப்புக்குப் படிகாரக் கரைசலையும் கறுப்புக்கு இரும்புக் கரைசலையும் முதலில் பூசிவிட்டு, பிறகு சிவப்புச் சாயம் தரும் சாயவேரில் காய்ச்சினார்கள். மஞ்சளை மட்டும் கடைசியில் மேலே தீட்டினார்கள். நீலத்தின்மேல் மஞ்சள் படிந்துதான் பச்சை வந்தது. மஞ்சள் வெளிச்சத்தில் பறந்துபோகும் நிறம் என்பதால் பழஞ்சீட்டியின் இலைகள் இன்று நீலமாகக் காட்சியளிக்கின்றன. இலை பச்சைப்பசேலென்று இருந்து, மறுபக்கம் வெள்ளையாக இருந்தால், அது அண்மைக் கால அச்சு.

மூன்றாவதாகக் கருநிறக் கோடுகளைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். இரும்பு பருத்தியை மெல்ல அரிக்கும். ஆகவே உண்மையான பழந்துணியில் கறுப்பும் கரும்பழுப்பும் இருந்த இடங்களில் நூல் நொறுங்கி, சுற்றியுள்ள சிவப்பு நலமாக இருக்க, பூவின் வெளிக்கோடு மட்டும் வரிசையான சிறு ஓட்டைகளாக மாறியிருப்பதைக் காணலாம். துணி முழுவதும் ஒரே மாதிரி கிழிந்திருந்தால் அது இரும்பின் வேலை அல்ல, யாரோ வேண்டுமென்றே கிழித்ததாக இருக்கலாம். இந்த ஓட்டை வரிசை பழமைக்குச் சான்று. அதே சமயம், அத்துணியை நனைக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் அதுவே.

நான்காவது, நெசவு ஓரம். துணியை வெட்டாத ஓரம் எங்காவது மிஞ்சியிருக்கிறதா என்று தேடுங்கள். அங்கே பாவில், அதாவது நீளவாட்ட இழைகளில், மூன்று நீல இழைகள் ஓடினால், அது 1774 முதல் 1811 வரை பிரிட்டனில் நெய்த பருத்தித் துணிக்குச் சட்டம் விதித்த அடையாளம். துணி வணிக முத்திரைகளும் பெரும்பாலும் துணியின் முனையில்தான் இருக்கும். தையலுக்குள் மடிந்துள்ள ஓரத்தை டார்ச் பிடித்து எட்டிப் பாருங்கள், பிரிக்க வேண்டாம்.

ஐந்தாவது, அச்சு. ஒரு பூ எங்கே மறுபடி அதே வடிவத்தில் வருகிறது என்பதை அளந்து எழுதுங்கள். கலத்தால் எழுதியதில் இரு பூக்கள் ஒருபோதும் ஒன்றாக இரா. அச்சுக்கட்டையில் பூ ஒன்றாக இருக்கும்; ஆனால் கட்டைகள் சேரும் இடத்தில் கோடு சற்றே விலகும், அல்லது இருமுறை பதிந்திருக்கும். செதுக்கிய செப்புத் தகட்டில் அச்சிடும் முறை 1752இல் அயர்லாந்தில் தொடங்கியது. அதில் வடிவம் திரும்பி வரும் இடைவெளி ஏறக்குறைய ஒரு கஜம்வரை போகும். 1783இல் காப்புரிமை பெற்ற உருளை அச்சிலோ, உருளையின் சுற்றளவுக்கு மேல் வடிவம் நீள முடியாது. ஆகையால் அரை கஜத்துக்குள் பூ திரும்பி வந்துவிடும், கோடுகளும் ஊசி முனை போல மெல்லியதாக இருக்கும். கண்ணாடியில் பல நிறப் புள்ளிகள் சிதறித் தெரிந்தால் அது கணினி அச்சு, வைத்துவிட்டு நகருங்கள்.

ஆறாவது, நிறம். செயற்கைச் சாயங்கள் 1856க்குப் பிறகே வந்தன. கண்ணைக் கூசும் ஊதாவும் கத்தரிப்பூ நிறமும் இருக்கும் துணியை அதற்கு முந்தையது என்று எவராலும் வாதிட முடியாது. ஆனால் சாயவேர், மஞ்சிட்டி ஆகியவற்றின் சிவப்பையும் அவுரி நீலத்தையும் கண்ணால் மட்டும் கணிக்கப் போகாதீர்கள். அவற்றின் செயற்கை வடிவங்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் சந்தைக்கு வந்துவிட்டன, நிறத்தில் வேறுபாடு தெரியாது.

கோதடியாக இருந்தால் ஏழாவதாகத் தையலைப் பாருங்கள். கையோட்டத் தையலில் நீளம் சற்றே மாறிக்கொண்டிருக்கும். தைத்தவரின் கை களைத்த இடம்கூடத் தெரியும். எந்திரத் தையல் இருந்தால் அந்தப் பகுதி 1850களுக்குப் பிந்தையது. பின்னாளில் பழுதுபார்த்ததாகவும் இருக்கலாம். தையலிலிருந்து உதிர்ந்துகிடக்கும் இழை ஒன்றை, விற்பவரின் அனுமதியோடு, கடைக்கு வெளியே கொளுத்திப் பாருங்கள். தாள் எரியும் வாடையுடன் மெல்லிய சாம்பலானால் பருத்தி. உருகிக் கடினமான மணியானால் செயற்கை நூல், அதாவது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதி.

புற ஊதா டார்ச்சைக் கடைசியில் பயன்படுத்துங்கள், அதன் விடையை அவசரமாக நம்பாதீர்கள். இன்றைய சலவைத்தூளில் உள்ள வெண்மையூட்டிகள் நீலமாக ஒளிரும். எனவே உண்மையான பழங்கோதடியைக்கூட அண்மையில் துவைத்திருந்தால் மேற்பரப்பு முழுவதும் மின்னும். மடிப்பின் உட்புறமும் தைத்த நூலும் சேர்ந்து ஒளிர்ந்தால்தான் ஐயப்பட வேண்டும். இதே தர்க்கம் பழுப்பு நிறத்துக்கும் பொருந்தும். தானாகப் பழுத்த துணியில் மடித்துத் தைத்த உட்பகுதி வெளிச்சம் படாமல் பளிச்சென்று இருக்கும். தேயிலையில் முக்கிய துணியில் உள்ளும் புறமும் ஒரே பழுப்பு.

ஒரு செய்தியை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கோதடியின் வயது அதன் மிகப் பழைய துண்டின் வயது அன்று. தைத்தபோதே சேர்ந்த பொருள்களில் எது மிகப் புதியதோ அதன் வயதே போர்வையின் வயது. மேலுறை நைந்துபோனால் அதன்மேல் புதுத்துணி வைத்துத் தைப்பது நம் நாட்டு வழக்கம் என்பதால், சாதாரண மேலுறையின் கிழிசலுக்குள் டார்ச் அடித்தால் இரண்டு தலைமுறைக்கு முந்தைய அச்சுத் துணி தென்படலாம். அதைப் பார்த்து மகிழுங்கள், படமெடுங்கள். மேலுறையை அறுத்து உள்துணியை எடுப்பவர் இரண்டு பொருள்களையும் சேர்த்து அழிக்கிறார்.

7. விலை

முழுமை, நிறத்தின் உயிர்ப்பு, இரும்பு அரிப்பின் அளவு, துணி வந்த வழி பற்றிய தகவல் ஆகிய நான்கையும் வைத்தே விலை பேசுங்கள். வயதுக்கென்று தனி விலை கொடுக்காதீர்கள். கரிமக் காலக்கணிப்புச் சான்றிதழ் காட்டினாலும் மயங்க வேண்டாம். ஏறக்குறைய 1650 முதல் 1950 வரையிலான காலத்தில் அந்த முறை பல விடைகளை ஒன்றாகத் தரும், எனவே 18ஆம் நூற்றாண்டுத் துணியையும் 19ஆம் நூற்றாண்டுத் துணியையும் அதனால் பிரித்துச் சொல்ல முடியாது.

8. வீட்டுக்கு வந்ததும்: தனிமை, பிறகு பதிவு

புதிதாக வந்த துணியை மற்றத் துணிகள் இருக்கும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சிபோட்ட பருத்தி விருந்து. ஒரு கோதடியில் வந்த முட்டைகள் அலமாரி முழுவதையும் பாழாக்கும். துணி நன்றாக உலர்ந்திருப்பதை உறுதி செய்து, இரட்டைப் பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி ஒட்டி, மைனஸ் 18 பாகை காட்டும் உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பின் ஒரு முழு நாள் பையைத் திறக்கவே கூடாது. திறந்தால் குளிர்ந்த துணிமேல் மும்பைக் காற்றின் ஈரம் நீராக இறங்கும். உறைபெட்டி இல்லாதவர்கள் பையில் ஒட்டித் தனியே வைத்து, ஒரு மாதம்வரை வாரந்தோறும் வெளியிலிருந்து சோதித்து, பூச்சி அரித்து உதிர்த்த தூள் தெரிகிறதா என்று பாருங்கள். குளிர் பூச்சியைக் கொல்லும், பூஞ்சையைக் கொல்லாது.

அடுத்தது பதிவு. சுத்தம் செய்வதற்கு முன்னால் இதைச் செய்வதற்குக் காரணம், கறையும் அழுக்கும்கூடத் தகவல்தான் என்பது. சன்னலோர வெளிச்சத்தில், அளவுகோல் பக்கத்தில் தெரிய, முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலைகள், ஒவ்வொரு பழுது என்று படமெடுங்கள். அளவு, ஓர் அங்குலத்தில் எத்தனைத் தையல், பூ திரும்பிவரும் இடைவெளி, வாங்கிய இடம், கேட்ட கதை ஆகியவற்றை எழுதி ஓர் எண் கொடுங்கள். அந்த எண்ணைப் பருத்தி நாடாவில் எழுதி மூலையில் இரண்டு தளர்ந்த தையலால் இணையுங்கள். நொறுங்கும் துணியானால் நாடாவை உறையில் கட்டுங்கள்.

9. சுத்தம் செய்தல்

தூசி எடுப்பதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. துணிமேல் நைலான் வலையை விரித்து, தூசுறிஞ்சியை மிகக் குறைந்த வேகத்தில் வைத்து, குழாய் முனையைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். வலை இல்லாவிட்டால் தளர்ந்த இழைகள் குழாய்க்குள் போய்விடும்.

சீட்டியின் மெருகு கஞ்சியிட்டுச் சங்கால் தேய்த்து ஏற்றியது. சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் துணியின் மேல் மெல்லிய எண்ணெய்ப்பூச்சு போல அது பளபளக்கும். தண்ணீர் பட்டால் அது போய்விடும், பிறகு எதனாலும் திரும்பாது. ஆகையால் மெருகுள்ள துணி, இரும்பு அரித்த துணி, முத்திரையுள்ள துணி ஆகிய மூன்றையும் எந்த நிலையிலும் வீட்டில் நனைக்காதீர்கள். சாதாரண ஆலைத் துணிக் கோதடியைத் துவைத்தே தீர வேண்டும் என்றால், ஒவ்வொரு நிறத்தையும் ஈரப்பஞ்சால் ஒற்றி, பஞ்சில் நிறம் ஏறவில்லை என்று உறுதி செய்யுங்கள். நனைந்த கோதடி தன் எடையாலேயே கிழியும் என்பதால் வலைமேல் வைத்தே தூக்கி, தட்டையாக நிழலில் உலர்த்துங்கள்; கொடியில் தொங்கவிடுவது கூடாது.

10. மும்பை மழைக்காலத்தைக் கணக்கில் வைத்துப் பாதுகாத்தல்

காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை வளரத் தொடங்கும். இங்கே ஜூன் முதல் செப்டம்பர்வரை அது அதைவிட உயரத்திலேயே நிற்கிறது. ஈரப்பதமானி ஒன்றை அலமாரிக்குள் வைத்து அளவைப் பார்த்துவாருங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் தரையை ஒட்டிய தட்டும் வேண்டாம். சுவர்க்கசிவு அங்கேதான் முதலில் வரும்.

மரத்தைவிட வர்ணம் பூசிய எஃகு பீரோ மேல். மரத்திலிருந்தும் ஒட்டுப்பலகையிலிருந்தும் வரும் அமில ஆவி பருத்தியை மஞ்சளாக்கும். இரண்டு மூன்று முறை அலசிக் கஞ்சி நீக்கிய காடாத்துணியில் சுற்றுங்கள். செய்தித்தாளும் பிளாஸ்டிக் உறையும் கூடாது. தனித்துணியைக் காடா சுற்றிய குழாயில் உருட்டுங்கள். தடித்த கோதடியை உருட்டினால் உள்ளடுக்குகள் சுருங்கும். எனவே மடிக்கும் இடங்களில் துணிச்சுருள் வைத்துத் தளர்வாக மடித்து, ஆண்டுக்கு இருமுறை மடிப்பிடத்தை மாற்றுங்கள்.

அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி உடலுக்கும் கேடு. வசம்பைத் துணி முடிச்சாகக் கட்டி, துணியைத் தொடாமல் தட்டின் மூலையில் வைக்கலாம். அது பூச்சியை விரட்டுமே தவிர ஏற்கெனவே உள்ள பூச்சியைக் கொல்லாது என்பதால், உறைபெட்டிப் படியைத் தாண்டிவிட்டு இதை மட்டும் நம்ப முடியாது.

மழை நான்கு மாதமும் பீரோவைத் தேவையின்றித் திறக்காமல், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களை மட்டும் நிறம் மாறும்போது மாற்றுங்கள். அக்டோபர் வெயில் வந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மின்விசிறிக் காற்றில் அறைக்குள்ளேயே ஒரு நாள் விரித்து வைத்து, பதிவேட்டிலுள்ள படங்களோடு ஒவ்வொன்றையும் ஒப்பிடுங்கள். போர்வையை மாடியில் வெயிலில் காயவைக்கும் நம் வீட்டுப் பழக்கம் இந்தத் துணிகளுக்குப் பொருந்தாது. முதலில் போவது மஞ்சள், பிறகு மற்ற நிறங்கள். சுவரில் மாட்ட விரும்புவோர் சன்னல் எதிரில் இல்லாத சுவரில், மங்கிய விளக்கில், மூன்று மாதத்துக்கு மேற்படாமல் வைத்துவிட்டு, அடுத்த துணிக்கு இடம் மாற்றிக்கொடுங்கள்.